எக்ஸ்சேஞ்ச் அக்காவின் பாட்டுப்பெட்டி

பெரிய ஆஸ்பத்திரியில் அவளை முகம் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் பத்துப் பேர் தேறினால் அதிகம். குரலை வைத்துத் தெரிந்தவர்கள் ஐந்நூறு பேர் இருப்பார்கள். மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில், சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் அந்த ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சை அவள் பார்த்துக்கொண்டாள். டாக்டர், நர்சு, ரத்த வங்கி, சலவைக்கூடம், சமையற்கட்டு எல்லாருக்கும் அவள் எக்ஸ்சேஞ்ச் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த எலும்பு டாக்டர்கூட, "எக்ஸ்சேஞ்ச் அக்கா, தியேட்டருக்கு ஒரு லைன் போடுங்க" என்றுதான் சொல்வார். யார் பேசினாலும் "ஹலோ" சொல்லி முடிப்பதற்குள் இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவாள். சிலரை ஹலோவுக்கு முன்னாலேயே. ஆஸ்பத்திரியின் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிரிவில் ஒருவர் இருந்தார். ரிசீவரை எடுத்ததும் மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அந்த உறிஞ்சல் கேட்ட மாத்திரத்தில், "சொல்லுங்க ஸ்குரு சார்" என்பாள். அந்தப் பெயரை அவருக்கு வைத்தவளும் அவள்தான்.

நாற்பத்தேழாவது வயதில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் அதே ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். பத்தாம் நாள் கண் விழித்தவள், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்து, "ஏங்க, ஏன் போனே அடிக்க மாட்டேங்குது?" என்று கேட்டாள். அவர் வாய் அசைந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. தன் கேள்வியும் தனக்குக் கேட்கவில்லை என்பது அவளுக்கு அதற்கப்புறம்தான் உறைத்தது.

காது டாக்டர் ஒரு தாளில் நிதானமாக எழுதிக் காட்டினார். காதுக்குள் கருவி பொருத்துகிற ஆபரேஷன் ஒன்று இருக்கிறதாம். ஆனால் காய்ச்சலோடு உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டதால் அவளுக்கு அது சரிப்பட்டு வராதாம். கடைசி வரியில் "மன்னிக்கவும், எக்ஸ்சேஞ்ச் அக்கா" என்று எழுதியிருந்தார். தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வேலை போகவில்லை. கேஸ் ஷீட்டுகள் அடுக்கி வைக்கும் ரெக்கார்டு அறைக்கு மாற்றினார்கள். அங்கே புது சங்கடம் ஒன்று காத்திருந்தது. இருபத்திரண்டு வருடம் குரலாக மட்டுமே இருந்தவர்கள் இப்போது முகமாக வந்து நின்றார்கள். கவுன்டரில் சீட்டை நீட்டுகிற இந்த மெலிந்த பெண்தான், தினமும் சிரித்துக்கொண்டே "குட்மார்னிங்க்கா" என்று சொன்ன குழந்தைகள் வார்டு நர்சா? இந்தத் தொந்திக்காரர்தான் ரத்த வங்கியின் கம்பீரக் குரலா? கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஸ்குரு சாரை மட்டும் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். ஒல்லியாக, நெற்றிவரை ஏற்றிவிட்ட கண்ணாடியோடு ஒருவர் கவுன்டருக்கு வந்து, பேசுவதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சினார். மூக்கு சுருங்கியது கண்ணில் பட்டதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். "ஸ்குரு சாரா!" என்று அவள் போட்ட சத்தத்தில் ரெக்கார்டு அறையே திரும்பிப் பார்த்தது.

தன் குரலின் அளவு தனக்குத் தெரியாமல் போனதில் வந்த கூத்து அது. வீட்டில் புருஷன் உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டுவார். குறைக்க வேண்டும் என்று பொருள். ரொம்பக் குறைத்துவிட்டால் விரலை மேலே ஆட்டுவார்.

அவர் டவுன் பஸ் டிரைவர். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். இளவட்ட வயதிலிருந்து ஆசையாக வளர்த்த அடர்ந்த மீசையை, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாளே ஒட்டக் கத்தரித்துவிட்டார். உதட்டைப் படிக்க மீசை இடைஞ்சல் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் எழுதித்தான் காட்ட வேண்டும். அவர் ஒருவரின் வாயசைவை மட்டும் அவள் தடங்கலில்லாமல் படித்துவிடுவாள். அவர் அடுத்து என்ன சொல்வார் என்பது பெரும்பாலும் தெரிந்ததாகவே இருந்ததும் ஒரு வசதி.

பாட்டு விஷயத்தில்தான் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அவளுக்குப் பாட்டில்லாமல் ஒரு பொழுதும் ஓடாது. அவருக்கோ எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு. "எனக்கு என்ஜினுக்குத்தான் காது, பாட்டுக்கு இல்ல" என்பார். அது உண்மை. நாலாவது வண்டியின் பின்சக்கரத்தில் பேரிங் தேய்ந்திருப்பதை டிப்போ வாசலில் நின்றே சொல்லக்கூடியவர்.

அவளிடம் ஒரு பாட்டுப்பெட்டி இருந்தது. சீட்டுக்கட்டு அளவில், பளபளக்கும் இரும்பு முதுகு, முன்பக்கம் சின்னத் திரை, அதன் கீழே கட்டை விரலால் வட்டமாகத் தடவுகிற சக்கரம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கியது. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள், ஒரு லீவு மாதம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அம்மாவின் பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அதில் ஏற்றிக் கொடுத்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பாட்டு. கேசட்டின் இரைச்சல், பாட்டு தொடங்கும் முன் பட்டன் அமுங்குகிற 'டக்', ரேடியோவிலிருந்து பதிந்ததில் அறிவிப்பாளரின் பாதி வார்த்தை எல்லாம் சேர்ந்தே ஏறியிருந்தன. அவளுக்கு அவையும் பாட்டுதான். காலை ஏழரை பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிவரை கேட்டுக்கொண்டே போவாள். டிரைவர் கண்ணாடியில் அவள் உதடு அசைவது அவருக்குத் தெரியும். என்ன பாட்டு என்று அந்த மனுஷன் ஒரு நாளும் கேட்டதில்லை.

காய்ச்சலுக்கு அப்புறம் அந்தப் பெட்டியை மேஜை டிராயரில், துணிக்கு அடியில் வைத்து மூடினாள். நாலு வருடம் திறக்கவில்லை.

ஆனால் பாட்டு அவளை விடவில்லை. சாமான் துலக்கும்போது, கேஸ் ஷீட்டை நம்பர்படி அடுக்கும்போது, தலைக்குள் பாட்டு தானாக ஓடும். எல்லா வாத்தியத்தோடும் ஓடும். வெளிச்சத்தம் எதுவும் குறுக்கே வராததால் முன்னைவிடத் துல்லியமாகவே ஓடும். ஒரு நாள் திடீரென்று, இது இப்படியே எத்தனை நாளைக்கு என்று ஒரு பயம் வந்தது. அவள் டிராயரைத் திறந்தாள்.

பெட்டி உப்பிப் போயிருந்தது. இரும்பு முதுகு ஒரு பக்கம் பிரிந்து வாயைத் திறந்திருந்தது. திரையின் ஓரத்தில் எண்ணெய்த் திட்டு போல ஏதோ படர்ந்திருந்தது.

"பேட்டரிய மாத்தணும்ங்க" என்றாள் புருஷனிடம்.

அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எதுக்கு?" என்று வாயசைத்தார்.

மகளும் அதையேதான் கேட்டாள். வேறு ஊரில் வேலை பார்க்கிறவள், போனில் எழுதி அனுப்பினாள்: "அம்மா, கோவிச்சுக்காதீங்க. எதுக்கும்மா அது? பேரு பாக்கணும்னா உங்க போன்லயே எல்லாப் பாட்டும் இருக்கே."

போனில் பார்க்காமலா இருந்தாள்? பார்த்தாள். பாட்டு ஓடும்போது திரையில் பாட்டின் வரிகளும் அடியில் நிமிடமும் விநாடியும் நகருமே, அதைப் பார்த்துக்கொண்டே தலைக்குள் பாட்டை ஓட்டிப் பார்த்தாள். போனில் இருந்தது வேறு பாட்டு. பெயர் அதுதான், ஆளும் அதே ஆள்தான், ஆனால் யாரோ சீவிச் சிங்காரித்து, முன்னால் இருந்த ஆறு விநாடியை வெட்டியிருந்தார்கள். அவள் தலைக்குள் பல்லவி தொடங்கும்போது போனில் அது பாதி முடிந்திருக்கும். நடுவில் விளம்பரம் வேறு. அவளுக்கு வேண்டியது அவளுடைய பாட்டு, அவளுடைய இரைச்சலோடு, அதே விநாடிக் கணக்கில்.

இதை யாரிடம் விளக்குவது? "எனக்கு வேணும்" என்று மட்டும் மகளுக்கு எழுதினாள்.

ஸ்குரு சார் மட்டும் எதுக்கு என்று கேட்கவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தாளில் எழுதினார். "சார்ஜ் போடாதீர்கள். அமுக்காதீர்கள். குத்தினால் தீப்பிடிக்கும். என்னிடம் கொடுங்கள், நானே மாற்றித் தருகிறேன்."

"வேண்டாம் சார். நான் செய்றேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு படம் வரைந்தார். மூடியின் ஓரம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும் கொக்கிகள், உள்ளே பேட்டரி, அதிலிருந்து நாடா மாதிரி போகும் மெல்லிய ஒயர். அதற்கு எதிர்ப்பக்கம், ஹெட்போன் செருகும் துவாரத்திலிருந்து இன்னொரு நாடா. அந்த இரண்டாவது நாடாவைச் சுற்றி வட்டம் போட்டு, "மூடியோடு ஒட்டியிருக்கும். வெடுக்கென்று திறந்தால் கிழியும்" என்று எழுதினார். பேனாவை மூடியவர், மறுபடி திறந்து, அதே வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் போட்டார்.

பேட்டரி தபாலில் வந்து சேர்ந்தது. பிஸ்கட் கனம்கூட இல்லை. கூடவே மூடியை நெம்புவதற்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் வெள்ளை விரிப்பைப் போட்டு உட்கார்ந்தாள். தீ என்ற சொல் காதில் விழுந்த நாளிலிருந்தே டிரைவருக்கு நிம்மதியில்லை. டிப்போவிலிருந்து ஒரு வாளி மணல் கொண்டுவந்து, அதைக் கையில் பிடித்தபடி மேஜைக்குப் பக்கத்தில் காவல் நின்றார்.

"வாளிய கீழ வைங்க. வீட்டையா கொளுத்தப் போறேன்?"

அவர் வைக்கவில்லை.

கொக்கி ஒவ்வொன்றும் விடுபடும்போது 'டிக்' என்று சத்தம் வருமாம். அவளுக்கு அது எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு வழி செய்தார்கள். சத்தம் வரும்போதெல்லாம் அவர் ஒரு விரலைத் தூக்க வேண்டும். அவள் வில்லையை இடுக்கில் நுழைத்து நெம்பினாள். விரல் எழுந்தது. இன்னும் அரை அங்குலம் தள்ளி நெம்பினாள். மறுபடி விரல். ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு. கடைசிப் பக்கத்தில் மூடி கொஞ்சம் துள்ளித் திறந்தது. விரல் எழுந்தது. அவள் மூச்சை விட்டாள்.

உப்பிய பேட்டரி தலையணை மாதிரி முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தடித்த தையல் நூலை அதன் அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் இப்படியும் அப்படியுமாக இழுத்துப் பசையை அறுத்தாள். கால் மணி நேரம் பிடித்தது. நகப்பிறை அளவுள்ள ஒரு கருப்புத் தாழ்ப்பாளைத் தூக்கி, பழைய நாடாவை உருவி, புதியதைச் செருகி, தாழ்ப்பாளைப் படுக்க வைத்தாள். பழைய பேட்டரியை வாளி மணலில் புதைத்த பிறகுதான் டிரைவர் உட்கார்ந்தார்.

மூடியைப் போட்டு, சார்ஜில் வைத்தாள். சாயங்காலம் நான்கு மணிக்குப் பெட்டியைக் கையில் எடுத்து அழுத்தினாள். திரை வெளுத்தது. உள்ளங்கைக்குள் ஏதோ ஒன்று நெளிந்து விழித்துக்கொண்டது. பெட்டிக்குள் பாட்டெல்லாம் பதிந்திருக்கும் சின்னத் தட்டு சுழலத் தொடங்கும் அதிர்வு. காது நன்றாக இருந்த காலத்தில் அதை அவள் கவனித்ததே இல்லை.

பட்டியல் வந்தது. கட்டை விரலால் சக்கரத்தைத் தடவினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பெயரும் அதே வரிசையில் நகர்ந்தன. ஒன்றை அழுத்தினாள். பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று விநாடி ஓடியது. நான்காவது விநாடியில் தலைக்குள் கேசட்டின் 'டக்', ஒன்பதாவதில் கிட்டார், இருபத்தொன்றில் அந்தக் குரல். ஒரு விநாடி பிசகவில்லை. அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் தண்ணீர் எடுத்துவர எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து ஏழரை பஸ்ஸில் பழையபடி அவர் சீட்டுக்குப் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்தாள். காதில் ஒயரையும் செருகிக்கொண்டாள். அது இல்லாவிட்டால் என்னமோ போல் இருந்தது. கண்ணாடியில் அவள் உதடு அசைந்தது. மூன்று வாரம் இப்படி நன்றாகப் போயிற்று.

நாலாவது வாரம், பட்டியலில் ரொம்பக் கீழே இருந்த ஒரு பாட்டைப் போட்டாள். அக்கரையில் நிற்கிற படகுக்காரனை ஒரு பெண் கூப்பிடுகிற பாட்டு. மகள் வயிற்றில் இருந்தபோது ராப்பகலாகக் கேட்டது. முதல் சரணம் வந்தது, பல்லவி திரும்பியது, இரண்டாம் சரணம் முடிந்தது. இரண்டு நிமிடம் பதினான்கு. அங்கே அந்தப் பெண் நிறுத்துவாள், வாத்தியம் வரும். விநாடி ஓடியது. பதினைந்து, பதினாறு, இருபது. ஒன்றும் வரவில்லை. முப்பத்தொன்றாவது விநாடியில் அந்தப் பெண் மூன்றாம் சரணத்தை எடுத்துவிட்டாள். நடுவில் பதினேழு விநாடி வெறும் வெள்ளை.

பின்னால் தள்ளி மறுபடி போட்டாள். மறுபடியும். ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தவளை நடத்துநர் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டார்.

பாட்டு போக ஆரம்பித்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. இன்றைக்குப் பதினேழு விநாடி. அப்புறம் ஒரு சரணம். அப்புறம்?

அன்று சாயங்காலம் டிரைவர் சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, எனக்கு ஒரு உதவி. ஒரே ஒரு பாட்டு கேளுங்க. ரெண்டு நிமிஷம் பதினாலாவது விநாடியில என்ன வருதுன்னு சொல்லுங்க. போதும்."

அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. "நானா? எனக்கென்ன தெரியும்?"

"தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க."

நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு காதிலும் செருகிவிட்டாள். பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பாட்டைப் போட்டாள். அவர் நேராகச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் தலையை ஆட்டத் தொடங்கினார். தாளம் போடுகிறார் போலிருக்கிறது. இந்த மனுஷனா என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்த இடம் வந்தது, தாண்டியது.

"என்ன வந்துச்சு?"

"புல்லாங்குழல்" என்றார். "நல்லா இருக்கு. அருமையா வாசிக்கிறாங்க."

அந்தப் பாட்டில் புல்லாங்குழலே கிடையாது. பதினேழு விநாடி மறந்தவளுக்கு அது மறக்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல், "இன்னொரு தரம் கேளுங்க" என்று மறுபடி போட்டாள். அவர் மறுபடி தலையாட்டத் தொடங்கியதும், மடிக்குள்ளேயே கட்டை விரலால் பாட்டை நிறுத்தினாள். திரையில் விநாடி நின்றது. அவர் தலை நிற்கவில்லை. கண்ணை வேறு மூடிக்கொண்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவள் அவர் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள்.

"என்னங்க நடக்குது இங்க?"

உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே இறக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மெதுவாகச் சொன்னார். அவள் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சத்தமே வரல. முதல் நாள்லேருந்தே வரல. அன்னிக்கு நீ தூங்கினப்புறம் ஆசையா எடுத்துக் காதுல வச்சுப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல."

"அன்னிக்கே தெரியுமா?"

"அந்தக் கடைசி டிக் இருக்கே... அது வேற மாதிரி கேட்டுச்சு. காகிதம் கிழியிற மாதிரி. நான் அதுக்கும் விரலத் தூக்கிட்டேன். என் தப்புதான்."

ஸ்குரு சார் இரண்டு வட்டம் போட்ட நாடா. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வாரமா ஒரு ஊமைப் பெட்டியோடவா நான் பாடிட்டு இருந்தேன்? பஸ்ஸுல எல்லாரும் பாக்க?"

"உனக்குத்தான் கேட்டுச்சே" என்றார் அவர். "கண்ணாடியில பாத்தேனே. நாலு வருஷம் கழிச்சு உன் வாய் அசையுது. அதப் போய் நான் எப்படிக் கெடுப்பேன்?"

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்து முட்டின.

"எனக்குக் கேக்கலன்னா போகுதுங்க. அது பழகிப்போச்சு. ஆனா அது வெளியில எங்கயாவது கேட்டுட்டு இருக்கணும். நான் அந்த ஒயர்க்குள்ள அது ஓடுதுன்னு நெனச்சுத்தானே காதுல மாட்டினேன்? என் காதுக்குப் பக்கத்துலயாவது அது இருக்குதுன்னு நெனச்சேன்."

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு அவர் அவள் முழங்கையைத் தட்டித் தன் பக்கம் திருப்பினார். "அந்த நாடா மட்டும் தனியா கிடைக்குமா?" என்று கேட்டார்.

கிடைத்தது. ஸ்குரு சார் பழைய படத்தை எடுத்துவரச் சொல்லி, "இரண்டு வட்டம் போட்டேனே" என்று அதன் அடியில் எழுதினார். பிறகு அந்த நாடாவைப் பிடித்திருக்கும் நான்கு பொடி ஸ்குருக்களுக்கு ஏற்ற திருப்புளியைத் தன் பெட்டியிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மறுபடி வெள்ளை விரிப்பு. இந்தத் தடவை விரல் தூக்குகிற ஏற்பாட்டை அவள் ரத்து செய்துவிட்டாள். வலது கை நெம்ப, இடது கைப் பெருவிரல் நகத்தை மூடியின் விளிம்பில் வைத்து, ஒவ்வொரு கொக்கியும் விடுவதை நகத்தாலேயே உணர்ந்தாள். மூடியைப் புத்தகம் போல் மெதுவாகத் திறந்து பார்த்தால், நாடாவின் மடிப்பில் மயிரிழை போல ஒரு கிழிசல். அதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினாள். ஒரு ஸ்குரு கை தவறித் தரையில் உருண்டது. டிரைவர் மண்டியிட்டு, மேஜைக்கு அடியில் உள்ளங்கையால் தடவித் தடவிக் கண்டெடுத்தார்.

மூடியைப் போட்டதும் அவர் தானாகவே ஒயரை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். அவள் பாட்டைப் போட்டாள். மறுகணம் அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, இரண்டு ஒயரையும் பிய்த்து எறிந்தார். சத்தம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க அவளுக்கு அவசியமே இருந்ததில்லை. அது உச்சியில் இருந்தது.

"வருதா? வருதாங்க?"

"வருது தாயே, வருது" என்றார் காதைத் தேய்த்துக்கொண்டு. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அளவைக் குறைத்துப் படகுக்காரன் பாட்டைப் போட்டாள். இந்தத் தடவை அவர் தலையாட்டவில்லை. டிப்போ வாசலில் என்ஜினைக் கேட்பாரே, அந்த மாதிரி நெற்றியைச் சுருக்கி, வாய் லேசாகத் திறந்திருக்கக் கேட்டார். இரண்டு நிமிடம் முப்பத்தொன்று தாண்டியதும் கையைத் தூக்கினார்.

"முதல்ல பஸ் கதவு திறக்கிற மாதிரி ஒரு மூச்சு."

"அது அந்தம்மா மூச்சு விடறாங்க. அப்புறம்?"

"அப்புறம் வைப்பர் மாதிரி. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. இழுத்து இழுத்து."

"வயலின்!" என்று கத்தினாள். உள்ளங்கை கவிழ்ந்து இறங்கியது. "வயலின்தான். அப்புறம் சொல்லுங்க."

"அப்புறம்... ரெண்டாவது கியர்ல மேடு ஏறுற மாதிரி. ஏறுது, ஏறுது, கொஞ்சம் பின்னால சறுக்குது, மறுபடி ஏறுது. உச்சிக்குப் போய் அப்படியே நிக்குது. அப்புறம் அந்தம்மா பாட ஆரம்பிச்சுடறாங்க."

அவள் மணிக்கட்டைப் பிடித்து அதன் தாளத்தைத் தட்டிக் காட்டினார். தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று சந்தேகம் வந்து மறுபடி கேட்டார், மறுபடி தட்டினார். பதினோரு தடவை. வயலின் வந்துவிட்டது, மேடு வந்துவிட்டது, சறுக்கல் எந்த விநாடியில் என்பதுகூடத் தெரிந்துவிட்டது. மெட்டு மட்டும் வரவில்லை. ஒரு வீட்டின் வாசல், ஜன்னல், படி எல்லாவற்றையும் ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, உள்ளே நுழைய முடியாமல் தெருவிலேயே நிற்பது போல இருந்தது அவளுக்கு.

"போதும்ங்க" என்றாள். "நீங்க கேட்டீங்கல்ல, அது போதும்."

போதவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. மறுநாள் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கும்போது, "பெட்டிய என்கிட்ட குடுத்துட்டுப் போ" என்றார். டிப்போவில் இருபது நிமிட இடைவேளை. மற்ற டிரைவர்கள் சீட்டாட, இவர் மட்டும் தன் வண்டியின் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி காதில் ஒயரோடு உட்கார்ந்திருப்பார். "என்னண்ணே, இந்த வயசுல லவ்வா?" என்று கேலி செய்தார்களாம். பதினேழு விநாடியைப் பின்னால் தள்ளித் தள்ளி ஒரு மாதம் கேட்டார். கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. வாத்தியங்களின் பெயர் மட்டும் அவ்வப்போது கேட்பார். "இந்த உருட்டிவிட்ட மாதிரி வர்றது என்ன?" என்பார். அவள் விநாடியைக் கேட்டுவிட்டுச் சொல்வாள்.

அந்த வருடக் கடைசியில் மகள் நான்கு நாள் லீவில் வந்தாள். வந்த இரண்டாம் நாள் காலை, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், திடீரென்று கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பிறகு போனை எடுத்துக் கடகடவென்று எழுதிக் காட்டினாள்.

"அம்மா, அப்பா பாடறாரு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். முன்னறையில் டிரைவர் முதுகைக் காட்டி நின்று, யூனிபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பாட்டு?"

மகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எழுதினாள்: "வார்த்தை இல்ல. ம்ம்ம்னு இழுக்கறாரு. அந்தப் படகுப் பாட்டுல நடுவுல வயலின் வருமே, நான் கம்ப்யூட்டர்ல ஏத்தறப்போ கேட்டிருக்கேன். அது மாதிரி இருக்கு."

அவள் கை ஈரத்தைத் துடைத்தாள். "சரியாப் பாடறாரா?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். "சுருதியே இல்லம்மா. ஆனா அதேதான்."

அவள் எழுந்து முன்னறைக்குப் போனாள். அவருக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தாள். அவர் திடுக்கிட்டார். முதுகு அடங்கிப் போயிற்று.

"நிறுத்தாதீங்க" என்றாள்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஒரு மூச்சு இழுத்தார். அது அவள் கைக்குத் தெரிந்தது. அப்புறம் மெல்லிய அதிர்வு ஒன்று தொடங்கியது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிறகு மேலேறியது, கொஞ்சம் சறுக்கியது, மறுபடி ஏறியது. அது எந்த மெட்டு என்று கை சொல்லவில்லை. அவள் தலைக்குள்ளும் ஒன்றும் எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தன்னிடமிருந்து போய்விட்ட ஒன்று பக்கத்து உடம்பில் நடமாடுவதைத் தொட்டுக்கொண்டு நின்றாள். அதிர்வு உச்சியில் போய் நின்றது. அங்கே அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவள் தலைக்குள் அந்தப் பெண் சரியான விநாடியில் மூன்றாம் சரணத்தை எடுத்தாள்.